சிறு துறைகளும் பருவகாலப் போக்குவரத்தும்

கல்லூரித் தாய் விழாக் கொண்டாடும் ஆண்டிலே அவள் மக்கள் பலர் கடல் கடந்து வருதல் வழக்கம். அங்ஙனம் வருபவருள்ளே தீவகத்தாரின் தொகை சிறிதன்று. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் வாழும் எம் பழைய மாணவர் ஒருவர் சென்னையில் வந்திறங்கி, அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துள் பலாலியை அடைந்துவிடுகின்றார். பின்னர்ப் பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை வழியாக ஊர்காவற்றுறைக்கு மோட்டார் வண்டியிற் செல்லுகின்றார். ஆங்கே இறங்குதுறையில் நின்று, கடலுக்கப்பாற் பனைநிரையாகத் தோன்றும் அனலைதீவை நோக்கியபடி, “இன்று வள்ளம் உண்டோ?” என வினவுகின்றார். ஆடி ஆவணியில் வந்தவராயின் ‘உண்டு’ என்னும் விடை கிடைக்கும். கார்த்திகை மார்கழியில் வந்தவராயின், “கடல் இடங்கொடுத்தாற் பார்ப்போம், ஐயா” என்பதே விடை.

விமானத்தைப் பற்றியும் இத்தகைய குறையே எம்மிடஞ் சொல்லப்படுவதுண்டு. பெருநகரங்களுக்கு ஆண்டு முழுதும் விமானம் பறக்கின்றது. சிற்றூர்களுக்கோ ஒரு பருவத்தில் இருந்த சேவை மறு பருவத்தில் இல்லையாகின்றது. இதனைக் கம்பனிக்காரரின் ஈரமின்மை என்பதன்றி வேறென்னென்பது என்று அன்பர் சிலர் வெகுளுகின்றனர். வெகுளி நியாயமானதே. ஆயினும் அது சென்று சேரவேண்டிய இடத்திற் சேரவில்லை என்பது எமது துணிபு. விமானத்துக்கும் வள்ளத்துக்கும் உள்ள கணக்கு ஒன்றே. அக்கணக்கை விளங்கிக்கொள்ளாது செய்யும் முறைப்பாடு எத்தனை ஆண்டு சென்றாலும் பயன் தராது.

தமிழ் கற்பிக்கும் எமக்கு இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வருகின்றது. நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என்று தொல்காப்பியர் வகுத்தார். நிலத்தைத் தனியே வைத்து அவர் பேசவில்லை. நெய்தலுக்கு ஆறு பெரும்பொழுதும் உரியன என்று பிற்காலத்து இலக்கணகாரர் கூறுவர். எங்கள் நெய்தல் நிலத்துக்கோ ஆறு பொழுதுக்கும் வள்ளம் விடுவாரைக் காணோம்! நிற்க.

விமானக் கணக்கை முதலில் நோக்குவோம். எழுபது ஆசனங்களையுடைய சிறு விமானம் ஒன்று ஓரூருக்குச் சென்று மீளும் செலவை நூறு பங்காக வைத்துக்கொள்வோம். (இது வகுப்பறைக் கணக்கேயன்றி எந்தக் கம்பனியின் கணக்குமன்று.) எண்ணெய், விமானிகளின் வேதனம், விமான நிலையத்தார் அறவிடும் இறங்குகூலி, விமானத்தின் வாடகை, பழுது பார்க்குஞ் செலவு யாவும் இந்நூற்றினுள் அடங்கும். ஆசனம் ஒன்று, போக்கும் வரவுமாக, இரண்டு பங்கு வருவாய் தருமாயின், ஐம்பதின்மர் ஏறினாற் செலவும் வரவும் சரியாகும். அறுபத்தைந்து பேர் ஏறினால் முப்பது பங்கு ஆதாயம். முப்பத்தைந்து பேர் மாத்திரம் ஏறினால் முப்பது பங்கு நட்டம். ஆட்கள் குறைந்தமையாற் செலவு குறைந்துவிடுவதில்லை. வெறும் ஆசனத்தைச் சுமந்து செல்லவும் விமானி வேண்டும், எண்ணெய் வேண்டும்.

மேலும், விற்பனையாகாத ஆசனத்தைச் சேமித்து வைத்தல் இயலாது. எங்கள் அனலைதீவுக் கமக்காரன் புகையிலையை உணக்கிப் புகையூட்டிச் சிப்பங்கட்டி வைத்து, விலை ஏறும்போது விற்கின்றான். விமானம் எழுந்த கணத்திலே வெறுமையாயிருந்த ஆசனம் என்றைக்கும் விலைபோகாத பண்டமாகிவிடுகின்றது. ஆதலின், ஆள் சேரும் பருவத்தில் ஆள் சேரும் இடத்துக்கு விமானத்தை அனுப்புதலே கம்பனிக்காரர் தொழிலாயிற்று. விமானத்துக்குச் சக்கரமும் இறக்கையும் உண்டு. இன்று சென்னையிலிருந்து வடக்கே வருவதை நாளை கோவைக்கோ கொச்சிக்கோ திருப்பிவிடுதல் அவர்களுக்கு அரிய காரியமன்று. புகைவண்டிக்குப் போட்ட தண்டவாளம் போட்ட இடத்திற் கிடக்கும். ஆகாய வழிக்கு அத்தகைய பற்று எதுவுமில்லை.

விமான உலகத்தார் ஆண்டை இரண்டு அட்டவணைக் காலங்களாக வகுத்துள்ளனர். மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறு தொடக்கம் ஒக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கு முந்திய சனிவரை ஒன்று. எஞ்சிய மாதங்கள் மற்றொன்று. நெருக்கடி மிக்க பெரிய விமான நிலையங்களிலே இறங்கவும் ஏறவும் ஒதுக்கப்பட்ட நேரத்தை நூற்றுக்கு எண்பது விழுக்காடாயினும் பயன்படுத்தாத கம்பனி, அடுத்த ஆண்டு அதனை இழக்கும். இதனால் விளைவது யாதெனின், ஆட்கள் குறைந்த காலத்திலும் பெருநகர வழியைக் கைவிடக் கம்பனி அஞ்சும். கையை விட்டுப் போகக்கூடிய உரிமை ஆங்கே உண்டு. சிற்றூரிலோ நேரத்துக்குப் போட்டியில்லை. இன்று விட்டுச் சென்றாலும் வேண்டியபோது மீளலாம். ஆதலாற் கத்தி முதலில் விழுவது சிற்றூரின் மீதே. விமானங்களைப் பிரித்துப் பெரும் பழுது பார்க்கும் வேலையையும் அந்தக் குறைந்த பருவத்திலேயே வைத்துக்கொள்ளுகின்றனர். அப்பொழுதும் எடுபடுவது சிற்றூர் விமானமே.

இன்னொரு கணக்கும் உண்டு. அது மாணாக்கர்க்கும் எளிதில் விளங்கும். நாளொன்றுக்கு ஆறு விமானம் செல்லும் நகரத்திலே பிரயாணிகள் மூன்றிலொரு பங்கு குறைந்தால், இரண்டை நிறுத்திவிட்டு நான்கை விடுவார்கள்; நகரத்தாருக்கு அது பெரிதாகத் தோன்றாது. நாளொன்றுக்கு ஒரே விமானம் செல்லும் ஊரிலே அதே பங்கு குறைந்தால் மூன்றிலொரு பங்கு விமானத்தைக் குறைக்க முடியாது. கிழமைக்கு மூன்று நாள் என்றாக்குவர். அந்த மூன்று நாள்கள் தமக்கு ஒவ்வாதவர்கள் கட்டுநாயக்காவில் இறங்கி இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் வந்து சேருவர். அதனால் ஆட்தொகை மேலும் குறையும். குறையவே கிழமைக்கு ஒருநாள், பின்னர் அதுவுமில்லை. ஆறில் இரண்டு போனால் மிஞ்சுவது நான்கு. ஒன்றில் ஒன்று போனால் மிஞ்சுவது பாழ்.

எமது பலாலியின் வரலாறு இதற்கு நல்ல சான்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆங்கிலேயர் அமைத்த இறங்குதளம் அது. ‘எயர் சிலோன்’ என்னும் இலங்கை விமானக் கம்பனி 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆந் திகதி தன் முதற் பயணத்தைத் தொடங்கியபோது, அவ்விமானம் இரத்மலானையிலிருந்து எழுந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குச் சென்றது. நாட்டின் முதல் விமான வழியிலே யாழ்ப்பாணம் ஓர் இடைத்தங்கலாக இருந்ததென்பதை இன்றைய மாணவர் பலர் அறியார். அக்கம்பனியும் மறைந்து, போரும் வந்து, நீண்ட காலம் சென்றபின், 2019 ஒக்டோபர் 17இல் யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையம் எனப் பெயர் சூட்டப்பெற்றுப் பலாலி திறக்கப்பட்டது. நவம்பரிற் சென்னை விமானம் கிழமைக்கு மூன்றாக வரத்தொடங்கிற்று. 2020 மார்ச்சிற் கொள்ளைநோயின் காரணமாக நின்ற சேவை, 2022 டிசெம்பரிலேதான் மீண்டது. நோய் தணிந்து கட்டுநாயக்கா முன்னரே திறந்துவிட்டது என்பதையும், சிறுநிலையம் நெடுநாள் காத்திருந்தது என்பதையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். இறங்கும்போது இருவரும் ஒன்றாய் இறங்கினர். ஏறும்போது பெரியவன் முந்திக்கொண்டான். 2024 செப்டெம்பர் முதலாந் திகதி மற்றொரு பெரிய இந்தியக் கம்பனியும் சென்னை வழியிலே பறக்கத் தொடங்கிற்று. 2025இலே திருச்சிராப்பள்ளியிலிருந்தும் விமானம் வந்தது. மகிழத்தக்க செய்திகளே. எனினும், வந்தவை யாவும் எழுபது எண்பது ஆசனமுடைய சுழல்விசிறி விமானங்கள். சிறு விமானத்தில் ஆசனமொன்றுக்கு விழுஞ் செலவு பெரிய விமானத்தினும் மிகுதி. சில ஆசனங்கள் வெறுமையாதலையும் அது நெடிது தாங்காது.

கடல்வழியின் கதை இதனினும் தெளிவானது. 2023 ஒக்டோபர் 14ஆந் திகதி நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ‘செரியபாணி’ என்னும் விரைவுக் கப்பல் ஆரவாரத்தோடு புறப்பட்டது. நூற்றைம்பது பேர் ஏறத்தக்க கப்பல். முதல் நாட் கொண்டாட்டம் கழிந்ததும் பதிவு செய்தோர் தொகை குன்றியது. நாள்தோறும் என்றிருந்த பயணம் கிழமைக்கு மூன்றென்றாயிற்று. ஒக்டோபர் 20ஆந் திகதியோடு, வடகீழ்ப் பருவக்காற்று வருகின்றதென்று கூறி அது நிறுத்தப்பட்டது. ஒரு கிழமை நின்று நிலைக்கவில்லை. 2024 ஓகஸ்ட் 16இல் ‘சிவகங்கை’ என்னும் வேறொரு கப்பல் வந்தது. அதுவும் நவம்பரிலே மழைக்காலத்தை முன்னிட்டு ஒதுங்கி, 2025 பெப்ருவரி 22இல் மீண்டது. ஐப்பசி நெருங்கும் வேளையிலே ஒரு கப்பற் சேவையைத் தொடக்கி வைக்க நாட் குறித்தவர் யாரென்று நாம் வினவவில்லை. பாக்குநீரிணையிலே ஐப்பசிக்குப் பின் வாடை வீசும் என்பதை எங்கள் நெய்தற் சிறுவன் ஒருவனைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பான்.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திக் கூற விரும்புகின்றோம். காற்றுக்கு அஞ்சி நிறுத்துதல் வேறு. காசுக்கு அஞ்சி நிறுத்துதல் வேறு. இரண்டும் ஒரே பருவத்தில் நிகழுமாதலால் ஒன்றன் பெயரில் மற்றொன்று மறைந்துகொள்ளும். வாடைக்காற்று உரத்து வீசி, அலை படகின் விளிம்பைத் தொடும் நாளிலே தண்டையல் கயிற்றை அவிழ்க்க மறுப்பானாயின், அவனை வாழ்த்துதல் வேண்டும். உயிரினும் பெரிதாய அவசரம் எதுவுமில்லை. ஆனால் கடல் கண்ணாடிபோற் கிடக்கும் மார்கழிக் காலையிலும், ஏறுவார் பத்துப் பேரே எனக் கண்டு, “காலநிலை சரியில்லை” எனக் கூறும் வழக்கம் உலகில் எத்துறையிலும் உண்டு. விமானத்துறையிலும் உண்டு. ‘செயற்பாட்டுக் காரணங்கள்’ என்று அதற்கு ஓர் அழகிய பெயரும் இட்டுள்ளனர். காரணம் எதுவெனப் பிரித்து எழுதி வைப்பார் இல்லாதவரை, தீவாரின் முறைப்பாட்டுக்கு விடையிறுக்க வேண்டியவரும் இலர்.

அனலைதீவின் கடலை அறியாத வாசகருக்காகச் சிறிது கூறுவோம். எழுவைதீவுக்கும் நயினாதீவுக்கும் இடையே கிடக்கும் எம்மூர், ஊர்காவற்றுறையிலிருந்தும் புங்குடுதீவின் குறிகட்டுவானிலிருந்தும் படகால் அடையப்படுவது. வைகாசி முதற் புரட்டாதிவரை சோளகம் வீசும். அதனையடுத்துக் காற்று நிலைகொள்ளாது திரியும் சில வாரங்கள். பின்பு வாடை. சோளகத்திலும் கடல் கொந்தளித்தல் உண்டெனினும், மழையிருளும் வாடையும் ஒருங்கே சேரும் ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள காலமே எமக்கு இடர்க்காலம். காலத்தின் இயல்பு இவ்வாறாக, ஆட்களின் வரவோ இதற்கு நேர்மாறாக அமைந்துள்ளது. ஆனித் திருவிழாவுக்கு நயினை நாகபூசணி அம்மனைத் தரிசிக்க வருவோர் குறிகட்டுவானில் நிரைநிரையாக நிற்பர். நாகவிகாரைக்குச் செல்லும் தென்னிலங்கை யாத்திரிகரும் உடன் சேருவர். ஆடி ஆவணியிலே நல்லூர்த் திருவிழாவும் வெளிநாட்டுப் பாடசாலை விடுமுறையும் ஒன்றுபடுவதால், எங்கள் ஐயனாரை வணங்கவும் பலர் வருவர். வள்ளக்காரருக்கு அந்த மூன்று மாதமுமே அறுவடைக்காலம். அவரைக் குறைகூற எமக்கு மனமில்லை. மீதி ஒன்பது மாதத்துக் கஞ்சிக்கும் அதுவே முதல்.

புங்குடுதீவையும் வேலணையையும் வாணர் தாம்போதி இணைத்தபின் ஆங்கே பருவம் என்னும் சொல்லுக்குப் போக்குவரத்திற் பொருளில்லாது போயிற்று. மழை வந்தால் பஸ் நனையும், அவ்வளவே. எங்களுக்கும் எழுவைதீவுக்கும் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அந்தப் பேறு கிட்டவில்லை. 1990ஆம் ஆண்டுக்குப் பின் தீவகத்தை விட்டுப் பெருந்தொகையினர் இடம்பெயர்ந்தனர், பலர் மீளவில்லை. குடி குறைந்தமையால் வள்ளத்துக்கு ஆள் குறைந்தது. வள்ளம் குறைந்தமையால் இருந்த குடியும் யாழ்ப்பாணத்துக்கு நகருகின்றது. விமானத்துக்கு மேலே சொன்ன சுழற்சி இதுவே. வேறுபாடு ஒன்றுண்டு. விமானம் நின்றால் பிரயாணி வேறு வழியால் வருவான். வள்ளம் நின்றால் வேறு வழி கிடையாது.

அந்த மாதங்களில் யார் பிரயாணஞ் செய்கின்றார்கள்? விடுமுறை கழிக்க வருபவர் எவருமிலர். பிள்ளைப்பேற்றுக்குப் போகும் பெண், கிளினிக்குக்குப் போகும் முதியவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து படிப்பிக்கும் ஆசிரியர், மீனுக்குப் பனிக்கட்டி ஏற்றி வரும் தொழிலாளி, பரீட்சைக்குப் போகும் மாணவன். தொகையிற் சிறியவர்கள், தேவையிற் பெரியவர்கள். கம்பனிக் கணக்கேட்டிலே தேவைக்கு ஒரு நிரல் இல்லை, தொகைக்கே உண்டு. 2024ஆம் ஆண்டு க.பொ.த. உயர்தரப் பரீட்சை நவம்பர் 25ஆந் திகதி தொடங்கி, பெருமழையும் வெள்ளமும் வந்தமையால் 27ஆந் திகதி இடைநிறுத்தப்பட்டு, டிசெம்பர் 4இலே தொடர்ந்து நடைபெற்றது. நாடு முழுவதற்கும் நேர்ந்த அத்தடங்கலைப் பத்திரிகைகள் முதற் பக்கத்தில் எழுதின. தீவுப் பிள்ளைக்கு அத்தகைய நவம்பர் ஆண்டுதோறும் வருகின்றது. அதனை எழுதுவாரில்லை. ஆசிரியர் இரண்டு நாள் வராதபோது இழந்த பாடத்தை மூன்றாம் நாள் வரும் ஆசிரியர் எப்படித் திருப்பித் தருவாரென்று நாமும் சக ஆசிரியரும் பேசிக்கொள்வதோடு சரி.

இனி, பிற நாட்டார் செய்தது யாது? அமெரிக்கர் 1978ஆம் ஆண்டிலே விமானப் போக்குவரத்தை அரசின் கட்டுப்பாட்டினின்றும் விடுவித்தபோது, கம்பனிகள் சிற்றூர்களைக் கைவிடும் என முன்னரே உணர்ந்து, அதே சட்டத்திலேயே சிற்றூர்களுக்கு இன்றியமையாத விமான சேவை என்றொரு திட்டத்தையும் சேர்த்தனர். நட்டத்தை அரசாங்கம் ஈடு செய்யும். கம்பனி குறித்த எண்ணிக்கையாகப் பறத்தல் வேண்டும். ஸ்கொத்லாந்தின் வடபாலுள்ள ஒர்க்னித் தீவுகளிலே வெஸ்ற்றே, பாப்பா வெஸ்ற்றே என்னும் இரண்டுக்கிடையே பறக்கும் சிறு விமானம் இரண்டு நிமிடத்துள் மறுகரை சேரும். உலகில் மிகக் குறுகிய விமான சேவையென அதனைக் கூறுவர். பாப்பா வெஸ்ற்றேயிலே குடியிருப்பவர் நூறு பேரளவினர். அவர்களுக்காகத் தீவுகளின் உள்ளூராட்சி மன்றம் கம்பனியோடு உடன்படிக்கை செய்து பணங் கொடுக்கின்றது. அந்நாட்டு மேற்குக் கரைத் தீவுகளுக்கு அரசுக்குரிய கப்பற் கம்பனி கோடை அட்டவணை, மாரி அட்டவணை என இரண்டை முன்கூட்டியே வெளியிடும். மாரியிற் பயணம் குறையும். குறைந்தது எத்தனை என்பது எழுத்திலே இருக்கும். (அவர்கள் கப்பல்களும் மூப்பெய்திப் பழுதுறுவதும், தீவார் சினந்து கூட்டங் கூடுவதும் உண்டு. ஆயினும் அவர் சினப்பதற்கு ஓர் அட்டவணையாவது உண்டே!) அண்மையில் உள்ள இலட்சத்தீவிலே, ஆண்டை நற்பருவம், மழைப்பருவம் எனப் பிரித்து, செப்டெம்பர் நடுப்பகுதி தொடக்கம் மே நடுப்பகுதி வரை விரைவுப் படகுகளை விடுகின்றனர், மழைப்பருவத்தில் அவை நிற்கப் பெரிய கப்பல்கள் தொழிலை ஏற்கின்றன. கடலின் குணத்துக்கேற்பக் கலத்தை மாற்றினரேயன்றிப் பயணத்தை மாய்க்கவில்லை.

உதவிப்பணம் கொடுத்தால் யாவும் தீருமென்று எண்ணுவதும் பிழை. இந்திய அரசாங்கம் 2016இலே ‘உடான்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, சிறு நகரங்களுக்குப் பறக்கும் கம்பனிகளுக்கு மூன்றாண்டு வரையில் நட்டத்தை ஈடுசெய்ய முன்வந்தது. 2023இலே அந்நாட்டுக் கணக்காய்வாளர் அதனை ஆராய்ந்தார். மூன்றாஞ் சுற்று வரையில் ஒப்படைக்கப்பட்ட 774 வழிகளுள் 371 வழிகளே தொடங்கப்பட்டன. அவற்றுள் 112 வழிகளே மூன்றாண்டை நிறைவு செய்தன. உதவிக்காலம் முடிந்தபின்னும் நிலைத்தவை 54 என அவர் அறிக்கை கூறிற்று. இதிலிருந்து, உதவி வீணென்று வாதிப்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. மூன்றாண்டில் எல்லா வழியும் தன்காலில் நிற்கும் என்ற எதிர்பார்ப்பே பிழையாயிற்று. வளரக்கூடிய ஊருக்குத் தொடக்கத்திற் கைகொடுத்தால் நடக்கும். வளர இயலாத, ஆயினும் வாழ வேண்டிய ஊருக்கு ஆண்டுதோறும் கொடுத்தல் வேண்டும். ஒரு கிராமத்து ஆஸ்பத்திரி மூன்றாண்டில் இலாபம் ஈட்டவில்லையே என்று எவரும் அதனை மூடுவதில்லையே.

இக்கொள்கை எமது நாட்டுக்குப் புதியதுமன்று. 1958 சனவரி முதலாந் திகதி பஸ் சேவைகளை அரசு ஏற்று இலங்கைப் போக்குவரத்துச் சபையை அமைத்தபோது, ஆள் நிறையும் பெருந்தெருவின் வருவாய் ஆள் நிறையாத கிராமத் தெருவைத் தாங்கும் என்பதும் நோக்கங்களுள் ஒன்று. இன்றும் தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவானது ‘சிசு செரிய’ என மாணவருக்கும், ‘கெமி செரிய’ எனப் பின்தங்கிய கிராமங்களுக்கும், ‘நிசி செரிய’ என இரவு நேரத்துக்கும் பஸ் ஓட்டுபவருக்கு அரசின் உதவிப்பணம் வழங்கும் திட்டங்களை நடத்துகின்றது. ஆள் குறைந்த வழியிலும் ஆள் குறைந்த நேரத்திலும் வண்டி ஓடவேண்டும், நட்டத்தைப் பொதுப்பணம் தாங்கவேண்டும் என்பதை அரசாங்கம் தரையிலே ஒப்புக்கொண்டுவிட்டது. ஊர்காவற்றுறை இறங்குதுறையோடு அந்தக் கொள்கை நின்றுவிடுவதற்கு நியாயம் யாது? தரை முடியுமிடத்தில் நாடு முடிவதில்லை.

“ஒரு சிறு தீவுக்காக இத்தனை பணமா?” என்று கேட்பார்க்கு ஒரு விடை கூறுவோம். தீவாரும் வரி செலுத்துகின்றனர். அவ்வரியிலிருந்து, தாம் ஒருநாளும் ஏறாத நெடுஞ்சாலைக்கும் பங்கு கொடுத்துள்ளனர். மேலும், நாம் கேட்பது பத்து வள்ளமன்று. கடல் இடங்கொடுக்கும் ஒவ்வொரு நாளும், ஆட்தொகை எதுவாயினும், காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. அவ்வளவே. தீவகத்துக்கு அரசாங்கப் படகுகள் வழங்கப்பட்டதேயில்லை என நாம் கூறவில்லை. வடதாரகை, குமுதினி, நெடுந்தாரகை எனும் பெயர்களை நெடுந்தீவுக்குச் சென்றார் யாவரும் அறிவர். படகு கையளித்தல் ஒருநாள் விழா. மாலையும் உண்டு, புகைப்படமும் உண்டு. எண்ணெய்க்கும் பழுதுக்கும் தண்டையலின் சம்பளத்துக்கும் கார்த்திகை மாதத்திலே பணந் தேடுவதற்கு விழா எடுப்பாரில்லை. கொடுக்கும் பணத்தைப் படகின் விலையாகக் கொடாது, ஓடிய பயணத்தின் கூலியாகக் கொடுத்தல் வேண்டும் என்பதே எமது கருத்து. பயணம் நடந்தாற் கூலி, நடவாதாயின் இல்லை, காற்றினால் நின்ற நாளுக்குத் துறை உத்தியோகத்தரின் ஒப்பம் வேண்டும். அப்பொழுது காற்றும் காசும் ஒன்றன்பின் ஒன்று ஒளிந்துகொள்ள இடமிராது.

பழைய மாணவர்க்கும் ஒரு சொல். விழா மலரிலே விருந்தினரைக் குறை கூறுதல் மரபன்றாயினும், உண்மையை ஒளித்தலும் ஆசிரியர்க்கு அழகன்று. பருவ வேற்றுமையை ஆக்குபவருள் தாங்களும் உளீர்கள். யாவரும் ஆவணியிலே வந்து குவிகின்றீர்கள். அக்காலத்தில் விமானக் கட்டணம் விண்ணை முட்டுகின்றது, வள்ளத்தில் இடமில்லை. ஐப்பசி பிறந்ததும் ஒருவரையுங் காணோம். சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தையும் பரிசளிப்பையும் தைப்பொங்கலை ஒட்டி வைத்துக்கொண்டால், நூறு ஆசனமாயினும் வெறும் பருவத்துக்கு நகரும். பிள்ளைகளின் பாடசாலை விடுமுறை தடையாகுமென்பது எமக்குத் தெரியும். ஓய்வுபெற்றவர்க்கு அத்தடையில்லை, அவர்தம் தொகையும் சங்கத்திற் சிறிதன்று. சிறு விமானத்துக்கு நூறு ஆசனமென்பது சிறிய தொகையன்று. ஒரு சேவையை அடுத்த அட்டவணையில் வைப்பதா எடுப்பதா என்று தராசு நடுங்கும்போது அது ஒரு தட்டைத் தாழ்த்தும்.

மண்டபமும் வளைவும் கட்ட மனமுவந்து கொடுப்பவர்கள், ஐப்பசி தொடக்கம் தை வரையுள்ள நான்கு மாதங்களுக்கு அனலைதீவு வள்ளமொன்றின் வெறும் ஆசனங்களை ஒருமுறை வாங்கிப் பார்க்கலாம். இஃது அரசின் கடமையை அன்பர் தலையிற் சுமத்துவதற்கன்று. ஒரு பருவம் தவறாது ஓடிய வள்ளம் எத்தனை நாள் ஓடிற்று, எத்தனை பேரை ஏற்றிற்று, உண்மையில் எவ்வளவு நட்டம் என்னும் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கச்சேரிப் படியேறுவதற்கே. வெறுங்கையோடு சென்றவர்க்கு இதுகாறும் கிடைத்த விடை, “கவனத்திற் கொள்ளப்படும்” என்பது.

அந்தக் கணக்கை எழுதும் வேலையை எங்கள் மேல்வகுப்பு மாணவரிடம் ஒப்படைக்கலாம். செலவு ஒரு கொப்பியும் ஒரு பேனையும். திகதி, காற்றின் திசை, வள்ளம் புறப்பட்ட நேரம், ஏறினார் தொகை, ஏறியோருள் நோயாளர் எத்தனை, மாணவர் எத்தனை, ஆசிரியர் எத்தனை. புறப்படாதாயின் காற்றோ, பழுதோ, ஆளின்மையோ என ஒரு நிரல். நாட்டு மொழியிலே எழுதினாற் போதும். எழுதியதை மாதந்தோறும் அதிபர் பார்த்து ஒப்பமிடுவார். அதன் படியொன்று ஊர்காவற்றுறைப் பிரதேச செயலகத்துக்கும், ஒன்று சங்கத்துக்கும் செல்லும். வருகின்ற ஐப்பசி முதலாந் திகதி பதிவு தொடங்கலாம். கொப்பிக்குக் கோடு கீறுவது எம் பொறுப்பு.